தேங்காய் துருவி வைத்தால் இரவுச் சமையல் பாதி முடிந்தது

தக்கலையில் அலுவலகம் முடிந்து, கிடைத்த பேருந்தில் ஏறி, நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்தில் இறங்கி, வீட்டுப் படி ஏறும்போது பெரும்பாலும் மணி ஏழு ஆகிவிடுகிறது. பத்தாம் வகுப்பு படிக்கும் மகன் டியூஷன் முடிந்து ஏழரைக்கு வருவான். என் கணவர் எட்டு மணிக்கு வருவார். நான்காம் வகுப்பு படிக்கும் மகளுக்கு ஒன்பது மணிக்கு மேல் கண் தாங்காது. அத்தைக்கு எழுபத்திரண்டு வயது. மாத்திரை போட வேண்டியிருப்பதால் எட்டரைக்குள் சாப்பிட்டாக வேண்டும். ஆகவே ஐந்து பேருக்கான இரவுச் சாப்பாட்டுக்கு எனக்குக் கிடைப்பது, உடை மாற்றி முகம் கழுவும் நேரத்தையும் சேர்த்து, ஒரு மணி நேரம்தான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வரை, வாரத்தில் மூன்று நாளாவது அந்த ஒரு மணி நேரத்தை நான் பரோட்டா பார்சலிடம் ஒப்படைத்திருந்தேன். மற்ற நாட்களில் கடையில் வாங்கிய மாவில் தோசை ஊற்றி, காலையில் வைத்த சாம்பாரைச் சூடாக்கிக் கொடுப்பேன். பரோட்டாவை நான் வெறுக்கவில்லை. மாதம் ஒரு முறை ஆசையாகச் சாப்பிடத் தகுந்த பண்டம்தான் அது. ஆனால் மைதாவும் எண்ணெயும் சால்னாவும் மட்டுமே இரவு உணவாகும்போது, காயோ கீரையோ பயறோ இல்லாத தட்டுதான் வீட்டின் வழக்கமாகிவிடுகிறது. என் கணவருக்கு மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.1 என்று பரிசோதனை அறிக்கை வந்த அன்று இது எனக்கு உறைத்தது. 5.7 முதல் 6.4 வரை என்பது நீரிழிவுக்கு முந்தைய நிலை; இப்போதே உணவைத் திருத்தி, தினமும் நடந்தால் திரும்பி வரலாம் என்று மருத்துவர் சொன்னார்.

முதலில் நான் செய்தது தவறான முயற்சி. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அடுப்படியில் நின்று, ஐந்து நாளைக்கான ஐந்து கறிகளைச் செய்து, டப்பாக்களில் அடைத்து, குளிர்சாதனப் பெட்டியில் அடுக்கினேன். தேங்காய் அரைத்து ஊற்றிய கறி நம் ஊர் வெக்கையில், அதுவும் இடையிடையே மின்சாரம் போய் வரும் வீட்டில், செவ்வாய்க்கிழமை தாண்டுவதில்லை. புதன்கிழமை மூடியைத் திறந்தபோது புளிசேரி புளித்து நுரைத்திருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையின் உழைப்பைக் கொட்டும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றைக்குத்தான் அத்தை என் அருகில் வந்து நின்று, "கறிய வச்சு எதுக்கு மக்களே பாடுபடுற? தேங்காயத் துருவி வச்சா பாதி வேலை முடிஞ்சாச்சு" என்றார்.

அதைப் பல நாள் யோசித்துப் பார்த்தேன். நம் குமரி மாவட்டத்துச் சமையலில் நேரத்தைத் தின்பது அடுப்பு அல்ல, தேங்காய்தான். துவரன் (தேங்காய் சேர்த்த பொரியல்), அவியல், தீயல், புளிசேரி, எரிசேரி, மீன் குழம்பு என எதை எடுத்தாலும் தேங்காயை உடைத்து, துருவி, அரைத்த பிறகே வேலை ஆரம்பமாகிறது. களைப்போடு வீடு வந்து சேர்ந்தவளுக்கு அந்த முதல் கால் மணி நேரம்தான் மலையாகத் தெரிகிறது. கை தானாகப் பார்சலுக்குப் போகிறது. இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐந்து தேங்காயைத் துருவி, ஒரு நாளைக்கு ஒரு கோப்பை வீதம் சின்னச் சின்னப் பொட்டலங்களாகத் தட்டையாக அமுக்கி, உறைபெட்டியில் வைத்துவிடுகிறோம். தட்டையாக இருப்பது முக்கியம். உருண்டையாக உறைந்தால் உடைக்கப் பாடுபட வேண்டும், தட்டையாக உறைந்தது வெளியே எடுத்த பத்து நிமிடத்தில் உதிர்ந்துவிடும். துருவும்போது சிரட்டையின் கருப்பு விழாமல் மேலோட்டமாக நிறுத்திக்கொள்வது அத்தையின் கண்டிப்பு.

இதோடு சேர்த்து இன்னொன்றும் எனக்குப் புரிந்தது. நம்முடைய கறிகளில் தேங்காயை வெண்ணெய் போல அரைக்க வேண்டியவை உண்டு, வெறுமனே சதைத்தால், அதாவது கொரகொரப்பாக நசுக்கினால், போதுமானவையும் உண்டு. தீயலுக்குத் தேங்காயைச் சிவக்க வறுத்து, ஆற வைத்து, நைசாக அரைக்க வேண்டும். கைவிடாமல் கிளறாவிட்டால் கரிந்துவிடும். அது ஞாயிற்றுக்கிழமைக்கு உரிய கறி. வார நாளில் நான் அதைத் தொடுவதே இல்லை. துவரன், அவியல், துவையல் ஆகியவற்றுக்கோ, மிக்சியின் சின்ன ஜாரில் நிறுத்தி நிறுத்தி இரண்டு சுற்றுச் சுற்றினால் போதும். என் வார நாள் இரவுகள் அனைத்தும் இந்தச் சதைத்த தேங்காயைச் சுற்றியே அமைந்திருக்கின்றன.

திங்கட்கிழமை எங்கள் வீட்டில் கஞ்சியும் பயறும். காலையில் புறப்படும் முன் இரண்டு கோப்பைச் சம்பா அரிசியை (சிவப்புப் புழுங்கலரிசி) கழுவி ஊற வைத்துவிடுவேன். வேறொரு பாத்திரத்தில் கால் கிலோ சிறுபயற்றை ஊற வைப்பேன். மதியம் அத்தை பயற்றின் நீரை வடித்து ஈரத்துணி போட்டு மூடி வைப்பார். மாலையில் நான் துணியை விலக்கும்போது ஒவ்வொரு பயற்றின் நுனியிலும் அரிசி முனையளவு வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். ஊறாத சம்பா அரிசி குக்கரில் ஏழெட்டு விசில் வரையில் அடம்பிடிக்கும். காலையிலிருந்து ஊறியது நான்கு விசிலில் வெந்து, ஆவி அடங்கும் நேரத்தில் இதழ் விரிந்து நிற்கும். தண்ணீரை மட்டும் குறைத்துவிடக் கூடாது. ஒரு கோப்பை அரிசிக்கு ஆறு கோப்பைத் தண்ணீர் என்பது என் கணக்கு; குக்கர் பொங்கி வழியாதிருக்க, பாதிக்கு மேல் நிரப்பாத பெரிய குக்கராக எடுத்துக்கொள்ள வேண்டும்.

பயறு முளை கண்டிருப்பதால், திறந்த பாத்திரத்தில் பன்னிரண்டு நிமிடத்தில் வெந்துவிடும்; குழையாமல் முழுதாக நிற்கும்போதே இறக்கிக்கொள்ள வேண்டும். அது வேகும் நேரத்தில் உறைபெட்டித் தேங்காயோடு நான்கு உள்ளி (சின்ன வெங்காயம்), இரண்டு பல் பூண்டு, அரைத் தேக்கரண்டி சீரகம், இரண்டு பச்சை மிளகாய், சிட்டிகை மஞ்சள் சேர்த்துச் சதைத்துக்கொள்கிறேன். சட்டியில் ஒரே ஒரு தேக்கரண்டித் தேங்காய் எண்ணெய் விட்டு, கடுகும் கறிவேப்பிலையும் வெடித்ததும் பயற்றைக் கொட்டி, நடுவில் குழி செய்து, சதைத்த தேங்காயை அந்தக் குழிக்குள் வைத்து, பயற்றாலேயே மூடி, இரண்டு நிமிடம் சிறு தீயில் விட வேண்டும். மூடிய பயற்றுக்குள்ளிருந்து ஆவி பிடித்த பூண்டின் வாசம் எழும்பும்போது கிளறி இறக்கினால் துவரன் தயார். கிளறிவிட்டு மூடுவதற்கும் மூடிவிட்டுக் கிளறுவதற்கும் ருசியில் இவ்வளவு வேறுபாடு இருக்கும் என்று நான் முதலில் நம்பவில்லை.

சிறுபயற்றில் நூறு கிராமுக்கு ஏறத்தாழ 24 கிராம் புரதம் இருக்கிறது. கால் கிலோ பயறு ஐந்து பேருக்கு என்றால், ஆளுக்குப் பன்னிரண்டு கிராம். கறி, மீன், முட்டை எதுவும் இல்லாத ஓர் இரவுக்கு இது குறைவான அளவு அல்ல. சம்பா அரிசியைப் பற்றி மட்டும் ஒரு தவறான நம்பிக்கை பலரிடம் இருக்கிறது. சிவப்பாக இருப்பதால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று நினைக்கிறார்கள். தவிடு முழுவதும் போகாததால் நார்ச்சத்து கூடுதல். நெல்லை அவித்துக் குத்துவதால் தவிட்டிலிருக்கும் பி வைட்டமின்களில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கித் தங்குகிறது. ஆனாலும் அது அரிசிதான். என் கணவரின் கிண்ணத்தில் கஞ்சிச் சோற்றைப் பாதியாக்கி, பயற்றை இரண்டு பங்காக்கியதுதான் உண்மையான மாற்றம். பப்படத்தையும் இப்போது பொரிப்பதில்லை. அடுப்புத் தீயில் நேராகக் காட்டிச் சுடுகிறோம். பப்படத்தில் உப்பு அதிகம் என்பதால் ஆளுக்கு ஒன்றுக்கு மேல் இல்லை. ஒரு நாளைக்கு ஒருவருக்கு ஐந்து கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. கஞ்சிக்கு ஊறுகாய், துவையல், பப்படம் மூன்றையும் சேர்த்து வைத்தால் அந்த அளவு எளிதில் தாண்டிவிடும். எனவே துவையல் வைக்கும் நாளில் ஊறுகாய் எடுப்பதில்லை.

புதன்கிழமையை நான் மிகவும் எதிர்பார்ப்பேன், ஏனெனில் அன்று நெத்திலி அவியல். பேருந்திலிருந்து இறங்கி வரும் வழியில் மீன் விற்கும் அக்காவிடம் நின்றால், "மக்களே, நல்ல நெத்திலியாக்கும், வயிறு உடையல்ல பாரு" என்று தட்டோடு தூக்கிக் காட்டுவார். அந்தச் சொல்லில் முழு விஷயமும் இருக்கிறது. நெத்திலி பழசாகும்போது முதலில் வயிறுதான் உடையும். வயிறு முழுதாகவும் கண் தெளிவாகவும் உடம்பின் வெள்ளிக்கோடு மின்னிக்கொண்டும் இருந்தால் தயங்காமல் வாங்கலாம். முக்கால் கிலோ எங்களுக்குப் போதும். இதற்குக் கத்தியே வேண்டாம். இடது கையில் மீனைப் பிடித்து, வலது கைப் பெருவிரலால் தலையை அமுக்கிக் கிள்ளி மெல்ல இழுத்தால் தலையோடு குடலும் சேர்ந்து வந்துவிடும். மகளும் நானும் சேர்ந்து உட்கார்ந்தால் கால் மணி நேரம் ஆகும். பள்ளிக்கூடத்தில் நடந்ததையெல்லாம் அவள் சொல்வது அந்தக் கால் மணி நேரத்தில்தான். கல்லுப்பு போட்டு இரண்டு முறை அலசினால் சட்டிக்குப் போகத் தயார்.

மண்சட்டியில் மீனைப் போட்டு, நீளமாக நறுக்கிய ஒரு புளிப்பு மாங்காய், ஏற்கெனவே அரைவேக்காடு வைத்த ஒரு முருங்கைக்காய், சதைத்த தேங்காய், உள்ளி, பச்சை மிளகாய், மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு, கறிவேப்பிலை எல்லாவற்றையும் சேர்த்து, கால் கோப்பைத் தண்ணீர் மட்டும் தெளித்து, கையாலேயே பிசறி அடுப்பில் ஏற்ற வேண்டும். தாளிப்பு இல்லை, வதக்கல் இல்லை. ஆவி வந்த பிறகு கரண்டியைப் போட்டால் மீன் நொறுங்கிவிடும். சட்டியின் இரண்டு விளிம்பையும் துணியால் பிடித்துச் சுழற்றிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஏழெட்டு நிமிடத்தில் தண்ணீர் வற்றி, மாங்காய் கண்ணாடி போலாகும்போது இறக்கி, மேலே ஒரு தேக்கரண்டிப் பச்சைத் தேங்காய் எண்ணெயை ஊற்றி மூடி வைத்தால், சாப்பிட உட்காரும்போது வீடு முழுவதும் மணக்கும். சிறிய நெத்திலியை முள்ளோடு மென்று சாப்பிடலாம் என்பதால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கிறது. அத்தைக்கும் மகளுக்கும் நான் அதை வற்புறுத்தியே கொடுக்கிறேன்.

மீன் எல்லா மாதமும் ஒன்று போலக் கிடைப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கிழக்கும் மேற்குமாக இரண்டு கடற்கரை உள்ள மாவட்டம் என்பதால் விசைப்படகுகளுக்கான தடைக்காலமும் நமக்கு இரண்டு. கிழக்குப் பகுதிக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குப் பகுதிக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அந்த மாதங்களில் பெரிய மீனின் விலை ஏறிவிடும். வள்ளங்களில் பிடித்து வரும் நெத்திலியும் சாளையும் (மத்தி மீன்)தான் என்னைப் போன்றவர்களைக் காப்பாற்றுகின்றன. சாளை வாங்கினால் புளிக்கறியாக வைப்பேன். ஒமேகா 3 கொழுப்பு நிறைந்த மீன் என்பதால், விலை மலிவு என்று அதை யாரும் தாழ்த்த வேண்டியதில்லை. வறுப்பது மட்டும் அபூர்வம், ஏனெனில் வறுக்கும் எண்ணெயில் அந்த நன்மை குறைந்துபோகிறது.

மரச்சீனிக் கிழங்கை (மரவள்ளி) பற்றிப் பேசாமல் நம் ஊர் இரவைப் பற்றிப் பேச முடியாது. திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அந்தக் கிழங்கைப் பரப்புவதில் ஊக்கம் காட்டியவர். பின்னர் இரண்டாம் உலகப் போரின்போது பர்மா அரிசி வருவது நின்றுபோக, திருவிதாங்கூரின் ஏழை வீடுகளை இந்தக் கிழங்குதான் தாங்கியது. அத்தையின் தாயார் வாழ்ந்த காலம் அது. அதனால்தான் அத்தை கிழங்கின் ஒரு துண்டைக்கூட வீணாக்க விடமாட்டார். அவர் விடாமல் சொல்லும் இன்னொரு விஷயம், கிழங்கைக் குக்கரில் மூடி வேக வைக்கக் கூடாது என்பது. நிறையத் தண்ணீரில், மூடாமல் கொதிக்க விட்டு, அந்தத் தண்ணீரைக் கட்டாயம் வடித்துக் கொட்ட வேண்டும். அது வெறும் பழக்கமல்ல. மரச்சீனியில் இயல்பாகவே சயனைடு தரும் பொருள்கள் உண்டு. கசக்கும் வகைகளில் அதிகம். தோலைத் தடிமனாக உரித்து, சிறு துண்டாக நறுக்கி, திறந்து வேக வைத்து, நீரை வடிக்கும்போது அது பெருமளவு வெளியேறிவிடுகிறது. வேலைக்குப் போகும் இளம் பெண்கள் நேரம் மிச்சமாகட்டும் என்று இந்த ஒன்றில் மட்டும் குறுக்கு வழி தேடக் கூடாது என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

வடித்த கிழங்கில் சதைத்த தேங்காய், பச்சை மிளகாய், சீரகம் சேர்த்து மத்தால் மசித்தால் முடிந்தது. கிழங்கில் மாவுச்சத்து அதிகம், புரதம் மிகக் குறைவு. ஆகவே மீன் கறியோ, வேக வைத்த காணப்பயறோ (கொள்ளு) கூட இல்லாமல் அதை நான் பரிமாறுவதில்லை. கணவருக்கு ஒரு கைப்பிடிக்கு மேல் கொடுப்பதும் இல்லை. மாதத்தில் இரண்டு இரவுகளே கிழங்கு, அதுவும் குழந்தைகளுக்காக.

வெள்ளிக்கிழமை புட்டு. வறுத்த சம்பா மாவோடு பாதிக்குப் பாதி கேழ்வரகு மாவு கலந்து வைத்திருப்பேன். உப்பு நீரைத் தெளித்துத் தெளித்துப் பிசறி, கையில் பிடித்தால் கொழுக்கட்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். புட்டுக்குழலைவிட எனக்குச் சிரட்டைப் புட்டுதான் பிடிக்கும். கண்ணுள்ள சிரட்டையில் தேங்காயும் மாவும் மாற்றி மாற்றிப் போட்டு, குக்கரின் ஆவிக்குழாய் மேல் கவிழாமல் உட்கார வைத்தால் நான்கு நிமிடத்தில் ஒருவருக்கான புட்டு. அவரவர் வரும் நேரத்துக்குச் சுடச்சுட எடுத்துக் கொடுக்கலாம். தொட்டுக்கொள்ள கடலைக்கறியோ பயறோ, பிறகு ஆளுக்கொரு மட்டிப்பழம், நம் ஊர் வாழைப்பழ வகை. மட்டிப்பழம் சிறியது, வாசனை மிகுந்தது. கன்னியாகுமரி மட்டிப்பழத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எங்கள் தெருவே மகிழ்ந்தது. புட்டில் சீனி போட்டுப் பிசைந்து சாப்பிடும் வழக்கத்தை நிறுத்த மகனுக்கு ஒரு மாதம் பிடித்தது. பழம்தான் அந்த இடத்தை நிரப்பியது.

செவ்வாயும் வியாழனும் சப்பாத்தியோ தோசையோ இருக்கும். அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, எல்லா வீட்டிலும் உள்ளதுதான். உடன் வைப்பதில்தான் கவனம் வேண்டும். தோட்டத்து முருங்கைக்கீரை ஒரு கைநிறைய, சதைத்த தேங்காய், உடைத்த நல்லமிளகு, நான்கு முட்டை. கீரையைத் தேங்காயோடு மூன்று நிமிடம் வதக்கி, முட்டையை ஊற்றிக் கிளறினால், உருவி ஆய்ந்த கீரை தயாராக இருக்கும் பட்சத்தில், பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. கீரையை உருவுவது அத்தையின் மாலை வேலை. தொலைக்காட்சித் தொடர் ஒன்று முடிவதற்குள் முறம் நிறைந்துவிடும். தடியங்காய் (வெண்பூசணி), வழுதலங்காய் (கத்தரிக்காய்), வெள்ளரி எது வீட்டில் இருந்தாலும் அதையும் அதே சதைத்த தேங்காயில் ஒரு கூட்டாக்கிவிடலாம். நாளொன்றுக்குக் காயும் பழமுமாக 400 கிராமுக்குக் குறையாமல் வேண்டும் என்பது மருத்துவ உலகின் கணக்கு. வடசேரி கனகமூலம் சந்தையில் ஞாயிற்றுக்கிழமை பை நிறைய வாங்கி வந்த வாரத்தில்கூட, இரவில் ஒரு காய் இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் அந்த அளவு எட்டுவதில்லை என்பதை நான் எடைபோட்டே பார்த்திருக்கிறேன்.

உறைபெட்டியை முழுவதும் நம்பவும் கூடாது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் நம் மாவட்டத்தை உலுக்கியபோது, மின்கம்பங்கள் சாய்ந்து பல நாள் வீடுகள் இருட்டில் கிடந்தன. பெட்டியில் இருந்ததெல்லாம் கெட்டுப்போயின. சம்பா அரிசியும் சிறுபயறும் காணமும் நெத்திலிக் கருவாடும் முற்றத்தில் விழுந்து கிடந்த தேங்காய்களும்தான் அந்த நாட்களில் எங்களைப் பட்டினி போடாமல் வைத்தன. இன்றும் அந்த நான்கு டப்பாக்களையும் நான் காலியாக விடுவதில்லை.

இந்த ஏற்பாட்டில் யாராவது ஒருவர் மட்டும் உழைத்தால் மூன்றாவது வாரத்திலேயே அது நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமைத் தேங்காயைத் துருவுவது என் மகன். ஆண் பிள்ளைக்கு இந்த வேலை எதற்கு என்று உறவினர் ஒருவர் கேட்டபோது, அத்தை அவரிடம், "திங்க வாயிருக்குல்லா, துருவக் கை வேண்டாமா?" என்று பதில் சொன்னார். கணவர் வந்ததும் துவையல் அரைப்பார், பப்படம் சுடுவார், சாப்பிட்ட பிறகு பாத்திரம் தேய்ப்பார். ஓராண்டு கழித்து அவருடைய சர்க்கரைச் சராசரி 5.8 என்று வந்தது. இரவுச் சாப்பாட்டைப் போலவே, தினமும் காலையில் அவர் நடந்த நாற்பது நிமிடத்துக்கும் அதில் பங்கு உண்டு.

திங்கட்கிழமைக் கஞ்சியில் கொஞ்சம் சோறு எப்போதும் மீதமாகும். அதற்காகவே ஒரு பிடி கூடுதலாகப் போடுகிறேன். சாப்பிட்டு முடித்த ஒரு மணி நேரத்துக்குள் அந்தச் சோற்றை ஆற வைத்து, தண்ணீர் ஊற்றி மூடிவிட வேண்டும். வெதுவெதுப்பாக வெளியே கிடக்கும் சோற்றில் வயிற்றைக் கெடுக்கும் கிருமி பெருகும் என்பதால், சித்திரை வைகாசி வெயிலில் நான் அதைக் குளிர்சாதனப் பெட்டியிலேயே வைத்துவிடுகிறேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு அத்தை அதில் தயிர் விட்டு, இரண்டு உள்ளியும் ஒரு காந்தாரி மிளகாயும் நசுக்கிப் போட்டுப் பிசைவார். முதல் கிண்ணம் எனக்கு, பேருந்துக்கு நேரமாகிவிடும் என்பதால்.